பாறைத் துளைக்கருவியின் அதிர்வைக் கைக்குப் போகாமல் குறைப்பது: சுரங்கங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஷிப்ட் முடிந்து வெகுநேரம் ஆன பிறகும் விரல் நுனி ஊறிக்கொண்டே இருக்கிறது. சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுகிறது. குளிரில் ஒன்றிரண்டு விரல்கள் சட்டென்று வெளுத்து மரத்துப்போய், பிறகு சிவந்து வலியோடு திரும்புகின்றன. துளைக்கருவி பிடிக்கிறவர்களில் பலர் இதைத் தொழிலோடு வருகிற தொல்லை என்று விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடக் கூடாது. விரல்களின் சிறு ரத்தக்குழாய்களும் நரம்புகளும் கெடுவதன் அறிகுறி இது. முற்றிய பிறகு கருவியைக் கீழே வைத்தாலும் நரம்பில் போன உணர்ச்சி முழுதாகத் திரும்புவதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. காற்றுக்கருவி பிடித்த சுரங்கத் தொழிலாளர்களின் 'செத்த விரல்' பற்றி 1911-இல் இத்தாலியில் லோரிகா எழுதினார். 1918-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பெட்ஃபோர்ட் சுண்ணாம்புக்கல் வெட்டுபவர்களின் விரல்களை ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்தார். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்தாருக்காக ஏற்பட்ட வெள்ளை விரல் இழப்பீட்டுத் திட்டத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1,70,000 கோரிக்கைகள் வந்தன. நூறாண்டுக்கு மேல் தெரிந்த நோய் இன்றும் தொடர்வதற்கு முக்கியக் காரணம், பெரும்பாலான சுரங்கங்களில் முயற்சி தவறான இடத்தில் தொடங்குவதுதான். கையுறை வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், கை வைக்க வேண்டிய இடம் வேறு என்பது தெரியும்.

ஜாக்லெக் (காற்றுக்காலில் தாங்கி நிற்கும் துளைக்கருவி), ஜாக்ஹாமர், பிரேக்கர் (உளியால் பாறை உடைக்கும் கருவி), காற்றுப் பிக், இம்பாக்ட் ரெஞ்ச் (போல்ட் முறுக்கும் கருவி), கிரைண்டர் ஆகியவற்றைக் கையால் பிடித்து வேலை செய்யும் எந்தச் சுரங்கத்துக்கும் கீழே உள்ள படிகள் பொருந்தும். வரிசையை மாற்ற வேண்டாம்.

படி 1: கை கருவியில் இருக்கும் நேரத்தை அளங்கள்

ஒரு டிரில்லரிடம் 'இன்று எவ்வளவு நேரம் துளை போட்டீர்கள்?' என்று கேட்டால் 'ஐந்து மணி நேரம்' என்பார். பொய் சொல்லவில்லை, ஹோஸ் இழுத்தது, ராடு (துளைக்கும் கம்பி) மாற்றியது, மேல்பாறை தட்டிப் பார்த்தது எல்லாம் சேர்ந்து அவருக்கு அது துளை போட்ட நேரம்தான். நமக்கு வேண்டியது திராட்டில் (காற்றைத் திறந்து மூடும் பிடி) திறந்து, கருவி அடித்துக்கொண்டிருக்க, கை அதன் மேல் இருந்த நேரம் மட்டும். இது பெரும்பாலும் அவர் சொல்வதில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும்.

ஷிப்ட் முழுவதும் ஸ்டாப்வாட்சோடு நிற்கத் தேவையில்லை. ஐந்தாறு துளைகளுக்கு மட்டும், திராட்டில் திறந்ததிலிருந்து மூடியது வரை நேரம் எடுங்கள். துளை போடும் பாறைச் சுவரான முகப்பு இடத்துக்கு இடம் மாறும் என்பதால் கடினப் பாறையில் சிலவும் மென்பாறையில் சிலவும் இருக்கட்டும். சராசரியைத் துளை எண்ணிக்கையால் பெருக்குங்கள். 1.8 மீட்டர் துளை, நிமிடத்துக்கு 0.3 மீட்டர் வேகம் என்றால் ஒரு துளைக்கு 6 நிமிடம். 20 துளைக்கு 120 நிமிடம். துளை எண்ணிக்கை ஏற்கெனவே வெடிவைப்புப் பதிவேட்டில் இருக்கும். ஆகவே ஒருமுறை நேரம் எடுத்துவிட்டால், அன்றாடக் கணக்குக்குப் பதிவேடே போதும்.

போல்ட் முறுக்கும் நேரம், பிரேக்கர் பிடித்த நேரம், பணிமனையில் கிரைண்டர் பிடித்த நேரம் எல்லாவற்றையும் அதே ஆளின் பெயரில் எழுதுங்கள். அதிர்வு சேருவது ஆளின் கையில். கருவிவாரியாக மட்டும் கணக்கு வைத்தால் யாருக்கு எவ்வளவு சேர்ந்தது என்பது தெரியாமலே போகும்.

படி 2: கருவியின் அதிர்வு எவ்வளவு?

அதிர்வு, முடுக்கமாக, மீ/வி² அலகில் சொல்லப்படுகிறது. அளக்கும் முறை ஐஎஸ்ஓ 5349 தரநிலையில் உள்ளது: ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளிலும் அளந்து, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மூன்றில் பெரிய திசையை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழைய பழக்கம் அளவைக் குறைத்துக் காட்டும்.

கருவியோடு வரும் கையேட்டில் ஓர் எண் இருக்கும். அது ஆய்வுக்கூடத்தில், கட்டுப்படுத்திய நிலையில், புதுக் கருவியில் எடுத்தது. காற்றில் இயங்கும் அடிக்கும் கருவிகளுக்குக் களத்தில் அதைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரலாம். கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாங்க அந்த எண் உதவும். கைக்குப் போகும் அதிர்வைக் கணக்கிட அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணோடு 'கே' என்ற நிச்சயமின்மை அளவு தனியாகக் கொடுத்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நீங்களே அளப்பதானால் இவற்றைக் கவனியுங்கள். உணரியைக் கைப்பிடியின் நடுப்பகுதிக்கு அருகே, கை பிடிக்கும் இடத்தை மறைக்காமல், உலோகப் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். ரப்பர் உறை மேல் கட்டினால் உணரி தானே தனியாக ஆடும். துளைக்கருவியின் கடும் அதிர்ச்சியில் பீசோ உணரிகள் (அழுத்தத்தை மின்சாரமாக்கும் படிகம் கொண்டவை) தடுமாறி, இல்லாத தாழ் அதிர்வெண்ணை இருப்பதாகக் காட்டும். இதைத் தடுக்க உணரிக்கு அடியில் இயந்திர வடிகட்டி வேண்டும். அளக்கும் கருவி நம்ப முடியாத பெரிய எண்ணைக் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 8 வினாடிக்குக் குறைவான பதிவு பயன்படாது. குறைந்தது மூன்று பதிவு, மொத்தம் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் எடுங்கள். இரண்டு கைக்கும் தனித்தனியாக அளந்து, கூடுதலானதைக் கணக்கில் எடுங்கள். மணிக்கட்டில் கட்டும் பட்டைகளும் கைப்பேசிச் செயலிகளும் இந்த அளவீட்டுக்கு ஈடாகா. பட்டை, கருவி பிடித்த நேரத்தை எண்ண மட்டும் உதவும்.

படி 3: கணக்கு

8 மணி நேரத்துக்குச் சமமாக்கிய அன்றாட அளவு = கருவியின் அதிர்வு × √(பிடித்த நேரம் ÷ 8 மணி). ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதியின்படி 2.5 மீ/வி² வந்தால் நடவடிக்கை தொடங்க வேண்டும். 5 மீ/வி² தாண்டவே கூடாது. உங்கள் நாட்டில் தனி வரம்பு இல்லாவிட்டாலும் இந்த இரண்டு எண்களையும் இலக்காக வையுங்கள். எந்தக் கருவியை எவ்வளவு நேரம் பிடித்தால் இவை எட்டும் என்பதைப் பாருங்கள்:

5 மீ/வி² கருவி: 2 மணி நேரத்தில் நடவடிக்கை அளவு, 8 மணி நேரத்தில் உச்ச வரம்பு
10 மீ/வி²: 30 நிமிடம், 2 மணி நேரம்
15 மீ/வி²: 13 நிமிடம், 53 நிமிடம்
20 மீ/வி²: ஏழரை நிமிடம், 30 நிமிடம்

அதிர்வு தடுக்கும் கைப்பிடி இல்லாத ஜாக்லெக் 20-ஐ எட்டுவது அரிதில்லை. அதில் நாலைந்து துளை போட்டாலே அன்றைய உச்ச வரம்பு முடிந்துவிடுகிறது. இந்த உண்மையைப் பூசி மெழுகாமல் நிர்வாகத்திடம் வைக்க வேண்டும்.

அளக்கும் முறையைச் சொல்லும் ஐஎஸ்ஓ 5349-இன் பிற்சேர்க்கை இன்னொன்றும் சொல்கிறது. ஒரு குழுவில் பத்தில் ஒருவருக்கு விரல் வெளுக்க, அன்றாட அளவு 3.7 என்றால் ஏறத்தாழ 8 ஆண்டு. 7 என்றால் 4 ஆண்டு. 14 என்றால் 2 ஆண்டு. 26 என்றால் ஓராண்டு.

பல கருவிகளைக் கூட்ட, புள்ளி முறை எளிது. ஒரு மணி நேரத்துக்கான புள்ளி = 2 × அதிர்வின் வர்க்கம். 100 புள்ளி வந்தால் நடவடிக்கை அளவு, 400 உச்ச வரம்பு. ஒருவருடைய ஒரு ஷிப்டை எடுத்துக்கொள்வோம்:

ஜாக்லெக், 18 மீ/வி², 90 நிமிடம்: 972 புள்ளி
இம்பாக்ட் ரெஞ்ச், 8 மீ/வி², 30 நிமிடம்: 64 புள்ளி
கிரைண்டர், 6 மீ/வி², 40 நிமிடம்: 48 புள்ளி

மொத்தம் 1,084. இதை 16-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அன்றாட அளவு 8.2. ரெஞ்சையும் கிரைண்டரையும் அடியோடு நிறுத்திவிட்டாலும் 7.8-க்குத்தான் இறங்குகிறது. ஜாக்லெக் நேரத்தைப் பாதியாக்கினால் 6.1. நேரத்தைத் தொடாமல் 11 மீ/வி² தரும் கைப்பிடி உள்ள கருவிக்கு மாறினால் 5.4. இரண்டையும் செய்தால் 4.3, உச்ச வரம்புக்குக் கீழே. வர்க்கக் கணக்கு என்பதால் பெரிய எண் மற்றதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. அதனால், பட்டியலில் முதலில் நிற்கும் கருவியைக் குறைக்காமல் மற்றவற்றில் செலவழிக்கும் பணமும் உழைப்பும் பெரும்பாலும் வீண்.

படி 4: கையிலிருந்தே கருவியை எடுக்க முடியுமா?

முதல் கேள்வி இதுதான். சுரங்கப் பாதையின் அகலம் இடம் கொடுத்தால் ஹைட்ராலிக் டிரில் ஜம்போ (இயந்திரக் கைகளில் துளைக்கருவி பொருத்திய வண்டி). இடம் குறைந்தால் ஒற்றைக் கை கொண்ட சிறு ரிக். கூரை போல்ட்டுக்குத் தூரத்திலிருந்து இயக்கும் போல்ட்டர். இவற்றில் ஆள் லீவரைத்தான் பிடிக்கிறார், அடிக்கும் கருவியை அல்ல. பெரிய முதலீட்டுக்கு வழி இல்லாவிட்டாலும், கருவியைச் சறுக்குச் சட்டத்திலோ தூணிலோ ஏற்றிவிட்டுத் தூரத்து வால்வால் இயக்கும் ஏற்பாட்டைப் பணிமனையிலேயே யோசிக்கலாம்.

இரண்டாவது, துளையையும் உடைப்பையும் குறைப்பது. வெடித்த பிறகு பெரும் பாறைத் துண்டுகள் மிஞ்சினால், பிரேக்கர் பிடித்து உடைக்க ஒரு ஆள் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. துளை இடைவெளி, திசை, வெடிமருந்துப் பங்கீடு ஆகியவற்றை வெடிவைப்புப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து திருத்தினால் பிரேக்கர் வேலை தானே குறையும். மிஞ்சும் துண்டுகளுக்கு, துளைக்குள் விட்டு விரிக்கும் ஹைட்ராலிக் ஸ்ப்ளிட்டர், இயந்திரக் கையில் பொருத்திய ராக் பிரேக்கர் ஆகியவை இருக்கின்றன. அதிர்வுக் கட்டுப்பாட்டைப் பாதுகாப்பு அதிகாரியின் தலையில் மட்டும் கட்டிவிட்டால் இந்த வழிகள் எதுவும் யாருக்கும் தோன்றாது.

ஆட்களைச் சுழற்சியில் மாற்றிவிடுவது பலர் முதலில் நினைக்கும் தீர்வு. 18 மீ/வி² கருவியில் 120 நிமிட வேலையை ஒருவரே செய்தால் அன்றாட அளவு 9. இருவர் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 6.4. பாதியாகக் குறையவில்லை, வரம்புக்கும் மேலேதான். இப்போது நோய்க்கு ஆளாகக்கூடியவர்கள் இரண்டு பேர். மற்ற எல்லாவற்றையும் செய்தபின் எஞ்சியதைப் பங்கிடத்தான் சுழற்சி.

படி 5: புதுக் கருவி வாங்கும்போது

கேட்க வேண்டியவை: அறிவிக்கப்பட்ட அதிர்வு, 'கே' மதிப்பு, எந்தத் தரநிலையில் அளந்தது (அடிக்கும் துளைக்கருவிகளுக்கும் பிரேக்கர்களுக்கும் ஐஎஸ்ஓ 28927-இன் 10-ஆம் பகுதி), எந்தக் காற்றழுத்தத்தில், கைப்பிடியின் ரப்பரோ ஸ்பிரிங்கோ எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்த உதிரி தனியாகக் கிடைக்குமா.

அதிர்வு குறைந்த கருவியே நல்ல கருவி என்று உடனே முடிவு செய்துவிட வேண்டாம். 12 மீ/வி² கருவி ஒரு துளைக்கு 6 நிமிடம் எடுக்கிறது. 14 மீ/வி² கருவி 4 நிமிடத்தில் முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வர்க்கத்தை நேரத்தால் பெருக்கிப் பாருங்கள்: முதலாவது 864, இரண்டாவது 784. கூடுதலாக அதிரும் கருவிதான் இங்கே கைக்கு நல்லது. ஆகவே உங்கள் பாறையிலேயே இரண்டையும் பத்துப் பத்துத் துளை போட்டுப் பார்த்து, இந்தப் பெருக்குத்தொகையை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

படி 6: பணிமனையில்

அதிகச் செலவில்லாமல் அதிகம் கிடைக்கும் இடம் இது. பெரும்பாலும் கவனிக்காமல் விடப்படும் இடமும் இதுவே.

பிட் (ராடின் முனையில் பாறையை வெட்டும் தலை). மழுங்கிய பிட்டில் வேகம் நிமிடத்துக்கு 0.3-இலிருந்து 0.2 மீட்டருக்கு விழுந்தால், மேலே சொன்ன 20 துளை 120 நிமிடத்திலிருந்து 180 நிமிடமாகிறது. 18 மீ/வி² கருவியில் புள்ளி 1,296-இலிருந்து 1,944. கருவியில் எதுவுமே மாறவில்லை. பிட் மட்டும் மழுங்கியிருக்கிறது. பட்டன் பிட்டில் (முகத்தில் கடின உலோகக் குமிழ்கள் பதித்தது) தேய்ந்த தட்டைப் பரப்பு பட்டன் விட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது தீட்டக் கொடுத்துவிடுங்கள். தீட்டிய பிட்டுகள் முகப்பில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மாற்றுப் பிட் எடுக்க மேலே போய் வர வேண்டும் என்றால் மழுங்கியதையே வைத்துத்தான் ஓட்டுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ராடும் ஷாங்கும் (கருவிக்குள் நுழையும் ராடின் பின்முனை). வளைந்த ராடு சுழலும்போது கருவியையே ஆட்டும். சமதளத்தில் உருட்டிப் பார்த்து, ஆடினால் ஒதுக்குங்கள். ஷாங்கின் அடிபடும் முகம் தட்டையாக இருக்க வேண்டும். குழிந்தோ ஓரம் சிதறியோ இருந்தால் பிஸ்டனின் அடி கோணலாக விழும். ஷாங்கின் நீளம் கருவிக்குப் பொருந்த வேண்டும்: அறுகோண 22 மில்லிமீட்டர் ராடுகளில் பரவலாக உள்ள ஷாங்க் நீளம் 108 மில்லிமீட்டர். நீளம் குறைந்த ஷாங்கைப் போட்டால் பிஸ்டன் தன் வேகத்தை ராடுக்குக் கொடுக்காமல் முன்பக்க உறையில் போய் மோதும். அந்த அடி நேராகக் கைப்பிடிக்கு வரும்.

சக் புஷ் (ஷாங்கைப் பிடித்து நிறுத்தும் உள்வளையம்). தேய்ந்த புஷ்ஷில் ஷாங்க் சாய்ந்து ஆடும். உற்பத்தியாளர் கொடுக்கும் தேய்மான கேஜைப் பணிமனைச் சுவரில் மாட்டி வைத்து, கருவி உள்ளே வரும்போதெல்லாம் போட்டுப் பாருங்கள். கேஜ் நுழைந்தால் மாற்றுங்கள். பக்கவாட்டு நீளப் போல்ட்டுகள் இரண்டையும் சம முறுக்கில் இறுக்குங்கள். ஒன்று தளர்ந்தால் சிலிண்டர் கோணலாகும்.

காற்றழுத்தம். பெரும்பாலான கையடக்கத் துளைக்கருவிகள் 5–6 பார் அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. கம்ப்ரசரில் 7 காட்டுகிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கருவிக்குப் பக்கத்தில், கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது, ஊசி கேஜை ஹோஸில் குத்தி அளங்கள். குறைந்தால் துளை வேகம் விழும், நேரம் நீளும். ஹோஸ் நீளம், உள்விட்டம், இணைப்புகளின் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். வடிவமைத்த அளவைத் தாண்டினால் அதிர்வு ஏறும், உதிரிகளும் சீக்கிரம் தேயும்; ரெகுலேட்டர் வைத்து இறக்குங்கள்.

எண்ணெய். லூப்ரிகேட்டர் கருவியிலிருந்து சில மீட்டருக்குள் இருக்க வேண்டும். தொலைவில் வைத்தால் எண்ணெய் ஹோஸின் சுவரிலேயே படிந்து நின்றுவிடும். வெளியேறும் காற்றுக்கு எதிரே ஒரு வெள்ளைத் தாளைச் சற்று நேரம் பிடியுங்கள்: மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்தால் சரி, சொட்டுச் சொட்டாகத் தெறித்தால் கூடுதல், காய்ந்திருந்தால் கருவி எண்ணெயில்லாமல் ஓடுகிறது. ஷாங்கைத் தொட்டாலும் விரலில் எண்ணெய் ஈரம் தெரிய வேண்டும்.

அதிர்வு தடுக்கும் கைப்பிடி. இது எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால்தான் எப்படிக் கெடுகிறது என்பது புரியும். ஜாக்லெக் நிமிடத்துக்கு 2,000 அடிக்கு மேல் அடிக்கும். 2,100 என்றால் வினாடிக்கு 35, அதாவது 35 ஹெர்ட்ஸ். ஸ்பிரிங் அல்லது ரப்பர் மேல் நிற்கும் கைப்பிடி இந்த அதிர்வைத் தடுக்கத் தொடங்க, அதன் இயல்பு அதிர்வெண் (அழுத்தி விட்டால் வினாடிக்கு எத்தனை முறை தானாக ஆடும் என்பது) 35-ஐ 1.4-ஆல் வகுத்தது, அதாவது 25-க்குக் கீழே இருக்க வேண்டும். நன்றாகத் தடுக்க 10–12 வரை இறங்க வேண்டும். அவ்வளவு மென்மையான ஸ்பிரிங், பாரம் ஏறும்போது மில்லிமீட்டர் கணக்கில் அமுங்கும். ஆகவே கைப்பிடிக்கு மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும். இந்தப் போய்வரும் தூரம்தான் உயிர்நாடி.

அதனால்தான் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடந்து கைப்பிடியை வீணாக்குகின்றன. முதலாவது, உடைந்த இணைப்பை வெல்டு வைத்து இறுக்கிவிடுவது. கைப்பிடி உறுதியாகிவிட்டது, தடுக்கும் வேலை முடிந்தது. இரண்டாவது, எண்ணெய் பட்டு உப்பிக் கல்லாகிப்போன ரப்பரை மாற்றாமல் விடுவது. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதியாவிட்டால் மாற்றுங்கள். மூன்றாவது, சாதாரணக் கைப்பிடியில் ரப்பர் ஷீட்டையோ பஞ்சையோ சுற்றி டேப் ஒட்டுவது. சில மில்லிமீட்டர் சுற்றுக்கு 35 ஹெர்ட்சைத் தடுக்கும் அமுக்கம் கிடையாது. கைப்பிடி தடித்துப்போவதால் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும். இருந்த நிலையைவிட மோசம்.

ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும், காற்றுத் திறக்கும் முன், கைப்பிடியைக் கையால் அழுத்திவிட்டுப் பாருங்கள். அமுங்கித் தானாகத் திரும்பினால் வேலைக்கு அனுப்புங்கள். மணலும் சேறும் அடைத்து நின்றால் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள்.

கிரைண்டரைப் பொறுத்தவரை பெரும்பாலான அதிர்வு சமநிலை தவறிய டிஸ்கிலிருந்து வருகிறது. ஃபிளாஞ்ச் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் வளையம்) சுத்தமாக இருக்கட்டும், டிஸ்கின் நடுத்துளை சரியாக உட்காரட்டும், ஒரு பக்கம் தேய்ந்த டிஸ்க்கைத் தூக்கிப் போடுங்கள். இம்பாக்ட் ரெஞ்சில் தேய்ந்த சாக்கெட்டே முதல் குற்றவாளி.

படி 7: பிடிக்கும் விதம்

கெட்ட பழக்கங்களிலேயே கெட்டது, துளை தொடங்கும்போது ராடைக் கையால் பிடிப்பது. பிட் பாறையில் வழுக்காமல் இருக்க ஹெல்பர் ராடைச் சுற்றி உள்ளங்கையை வைத்து அணைத்துப் பிடிப்பார். ராடு அவர் கைக்குள்ளேயே சுழன்றுகொண்டு அடிக்கும். கைப்பிடியில் இருக்கும் எந்தத் தடுப்பும் அந்தக் கைக்கு இல்லை. பிஸ்டனின் அடி நேராக விரலுக்குள் போகிறது, கையுறை ராடில் சுற்றி விரலையே இழுத்துக்கொள்ளும் ஆபத்து வேறு. இதை முழுதாகத் தடை செய்யுங்கள். மாற்று வழி: தொடங்க வேண்டிய புள்ளியில் பிக்கால் சிறு குழி கொத்துங்கள், ஒரு மீட்டருக்கும் குறைந்த தொடக்க ராடைப் போடுங்கள், திராட்டிலைக் கால்வாசி மட்டும் திறந்து, பிட் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கி உட்கார்ந்தபின் முழுதாகத் திறங்கள். பிரேக்கரில் உளியைக் கையால் பிடிப்பதற்கும் இதே தடை.

ஏர் லெக்கின் கோணம். கருவியை முன்னே தள்ளுவது காற்றுக்காலின் வேலை. ஆளின் தோளும் தொடையும் அதைச் செய்யக் கூடாது. கால் தரையோடு 60 பாகையில் நின்றால் அதன் விசையில் பாதிதான் முன்னே போகும், கருவியை மேலே தூக்கும் விசை அதைவிடக் கூடுதல். அதை அமுக்க ஆள் தன் எடையைக் கைப்பிடியில் போடுவார். 30 பாகையில் ஏறத்தாழ 87 விழுக்காடு முன்னே போகும். துளை ஆழமாக ஆழமாகக் காலை நகர்த்தி வையுங்கள். அதற்குச் செலவாகும் அரை நிமிடம் அதிர்வில்லாத அரை நிமிடம்.

பிரேக்கரில் ஆள் பொதுவாக உடல் எடை முழுவதையும் சாய்த்துவிடுவார். ஸ்பிரிங் கைப்பிடி அடிமட்டத்தில் போய் முட்டிக்கொண்டால் தடுப்பு இல்லாத கருவிதான். அமுக்கம் பாதித் தூரத்தில் நிற்கும்படி பிடிப்பதை, கைப்பிடியின் பக்கத்தில் பெயின்டால் ஒரு கோடு இழுத்துக் காட்டிக் கற்றுக்கொடுங்கள். இறுக்கிப் பிடித்தால் அதிர்வு கைக்குள் கூடுதலாக இறங்கும். கருவி கையை விட்டுப் போகாத அளவு பிடி போதும். பாறையிலிருந்து உளியைத் தூக்கும் முன் திராட்டிலை மூடுங்கள். வெறும் காற்றில் அடிக்கும்போது அதிர்வு ஏறும், முன்பக்க உதிரிகளும் உடையும்.

ராடு சிக்கிக்கொண்டால் முழுத் திராட்டிலில் உலுக்கி எடுப்பதும் வழக்கமாக இருக்கிறது. பெரும்பாலும் காரணம், துளைத்தூள் வெளியேறப் போதுமான தண்ணீர் போகாதது. தண்ணீர் ஊசியும் பிட்டின் துளையும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது சில நிமிட வேலை.

நிற்கும் இடத்தையும் மறக்க வேண்டாம். கருவி ஊன்றியிருக்கும் அதே மேடையில் நின்று துளை போடுபவர்களுக்குக் கால் விரல்களிலும் இதே வெளுப்பு வரும். கனடாச் சுரங்கங்களில் இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆள் நிற்கும் பலகையைக் கருவியைத் தாங்கும் சட்டத்திலிருந்து பிரித்துவிடுங்கள்.

கையுறையும் குளிரும்

அதிர்வு தடுக்கும் கையுறைக்கான தரநிலை ஐஎஸ்ஓ 10819. அதில் தேறும் கையுறை 200 ஹெர்ட்சுக்கு மேலே அதிர்வை 0.6 பங்குக்குக் குறைக்க வேண்டும். ஆனால் 25 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை 0.9 பங்காகக் குறைத்தாலே போதும். துளைக்கருவியின் அடி 35 ஹெர்ட்சில். அங்கே கையுறையால் கிடைப்பது ஒன்றுமில்லாததற்கு அடுத்தது. வேகமாகச் சுழலும் கிரைண்டரில் சற்றே உதவலாம். கணக்கில் கையுறைக்காக எந்தக் கழிவும் கொடுக்காதீர்கள்.

கையுறை வேண்டவே வேண்டாம் என்பதல்ல. கை சூடாகவும் உலர்ந்தும் இருக்கக் கையுறை அவசியம், ஏனென்றால் குளிர் ரத்தக்குழாயைச் சுருக்கி வெளுப்பைத் தூண்டுகிறது. நீர் விட்டுத் துளைக்கும்போது கை நனைகிறது. விரிந்து வெளியேறும் காற்று உறைகுளிராக இருக்கிறது. நீர் புகாத, மெல்லிய, அளவான கையுறை கொடுங்கள். ஷிப்டுக்கு இரண்டு ஜோடி இருந்தால் நனைந்ததை மாற்றலாம். வெளியேறும் காற்றின் வாயைக் கையை விட்டு வேறு பக்கம் திருப்புங்கள். வேலை தொடங்கும் முன் உடம்பு சூடேற நடக்கட்டும், ஓய்வில் கையைத் தேய்த்து விரல்களை மடக்கி நீட்டட்டும். நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும் என்பதால் ஓய்வுநேரப் புகை, குளிரின் வேலையையே செய்கிறது.

உடல்நலக் கண்காணிப்பு

துளைக்கருவி பிடிக்க முதல்முறை அனுப்பும் முன்பே விரல்களின் நிலையைப் பதிவு செய்யுங்கள். முதலாண்டில் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை கேள்வித்தாள். கேட்க வேண்டியவை சில: ஷிப்ட் முடிந்து 20 நிமிடத்துக்கு மேல் ஊறல் இருக்கிறதா? குளிரில் விரல் வெளுக்கிறதா, எந்த விரல், எந்தக் கணு வரை? இரவில் மரத்துப்போய் விழிப்பு வருகிறதா? சிறு திருகையோ பொத்தானையோ பிடிக்கத் தடுமாற்றமா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் தொழில்நல மருத்துவரிடம் அனுப்புங்கள். இரவு மரத்துப்போதல் மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டதாலும் வரலாம்; அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

நோயின் நிலையைக் குறிக்க 1986-இல் ஸ்டாக்ஹோமில் வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் உள்ளது. ரத்தக்குழாய்ப் பக்கம்: முதல் நிலையில் விரல் நுனி மட்டும் எப்போதாவது வெளுக்கும், இரண்டாவதில் நடுக்கணு வரை, மூன்றாவதில் பெரும்பாலான விரல்கள் முழுதும் அடிக்கடி, நான்காவதில் நுனித் தோலே கெடும். நரம்புப் பக்கத்துக்குத் தனி வரிசை: அவ்வப்போது மரத்துப்போதல், உணர்ச்சி குறைதல், கைநுணுக்கம் போதல். இரண்டில் எந்தப் பக்கம் முந்தினாலும் அதைப் பார்த்து முடிவெடுங்கள். முதல் நிலையிலேயே கருவி நேரத்தைக் குறைத்துவிட வேண்டும். மூன்றாம் நிலைக்குப் போகாமல் தடுப்பதே கண்காணிப்பின் நோக்கம்.

ஒரு விஷயத்தைச் சரிசெய்யாவிட்டால் இந்தப் பதிவேடு முழுதும் பொய்யாகிவிடும். துளைத்த மீட்டருக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் இடங்களில், 'விரல் வெளுக்கிறது' என்று சொன்னவர் அடுத்த மாதமே வருமானம் இழக்கிறார். அதைப் பார்க்கும் மற்றவர்கள் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்றே குறிப்பார்கள். ஆகவே முதல் கேள்வித்தாளைக் கொடுக்கும் முன்பே, மருத்துவர் சொல்லி வேறு வேலைக்கு மாற்றப்படுபவரின் ஊதியம் குறையாது என்பதை, அதுவரை அவர் வாங்கிய ஊக்கத்தொகையின் சராசரியையும் சேர்த்து, எழுத்தில் கொடுத்துத் தொழிற்சங்கத்தோடு கையொப்பமிடுங்கள்.